மச்சானுக்கு ஒரு தோல்வி

தெருவில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கடையை வைத்து ஒழுங்காக நடத்துகிறவரைக் கடைக்காரர் என்று சொல்லலாம். கடைக்கு மேல் கடையாகத் திறந்து, திறந்த கையோடு ஒவ்வொன்றையும் சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவரும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. கூப்பிடுகிற குரலில் இருக்கும் நக்கலைக் கழித்துவிட்டு, மிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்வார்.

அவர் செய்த தொழில்களும் லேசுப்பட்டவை அல்ல. பேருந்து நிறுத்தத்தில் நின்று மழைக்காலத்தில் குடை வாடகைக்கு விட்டார். குடையை வாங்கியவர்கள் குடையோடு பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறவர்கள் பேருந்தில் ஏறுவார்கள் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்தது சலவைக் கடை. யாரோ கொடுத்த ஒரு சிவப்புத் துண்டு மற்ற துணி அத்தனைக்கும் சாயம் ஏற்றிவிட்டதில், தெருவே கொஞ்ச காலம் வெளிர் ரோஜா நிறத்தில் வேலைக்குப் போய் வந்தது. அதன் பிறகு, காலையில் போன் போட்டு ஆட்களை எழுப்பிவிடும் தொழில். அதில் அவரே தூங்கிப் போனார்.

குடும்பத்தைத் தாங்கியது அவர் மனைவியின் தையல் மெஷின். ஜன்னல் திரை தைப்பதில் அவளை அடிக்க ஆள் இல்லை. அளவு கொடுக்க வருகிற பெண்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்பார்கள். அவள் மெஷினை நிறுத்தாமலே, "யோசிச்சிக்கிட்டிருக்கார்" என்பாள்.

அப்படி யோசித்து யோசித்து, இந்த முறை அவர் ஒரு நல்ல யோசனையில் வந்து முட்டிக்கொண்டார். ஏணி வாடகைக்கு விடுவது. வெள்ளையடிக்க, பல்பு மாட்ட, தண்ணீர்த் தொட்டி கழுவ என்று எல்லா வீட்டுக்கும் ஏணி வேண்டும். ஆனால் யாரும் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டார்கள், வீட்டில் நிறுத்த இடமிருக்காது. ஏணியோடு யாரும் பேருந்தில் ஏறவும் முடியாது. மனைவி இதில் என்ன ஓட்டை என்று நாள் கணக்கில் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைக்கு எங்க போவீங்க?" என்றாள்.

கடை ஒன்று இருக்கத்தான் செய்தது. அவளுடைய அண்ணனின் பக்கெட் கம்பெனிக்கு முன்னால், மெயின் ரோட்டைப் பார்த்தபடி, ஷட்டர் போட்ட ஒரு முன்னறை காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் முதலாளி ஷட்டர் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார். மச்சானிடம் வாயைத் திறந்து கேட்டதில்லை. இத்தனை கடையைச் சாத்திய கையை எப்படி நீட்டுவது?

மச்சான் வேறு ரகம். அவருக்குத் தோற்கத் தெரியாது. ஒரு தடவை அச்சு கெட்டுப்போய், ஒரு லோடு பக்கெட்டும் அடியில் ஓட்டையோடு வந்து விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மச்சான் அதையெல்லாம் பூந்தொட்டி என்று சொல்லி, பக்கெட்டை விடக் கூடுதல் விலைக்கு விற்றார். அதைப் பெருமையாகக்கூடச் சொல்லமாட்டார். மழை பெய்தது, நனைந்தோம் என்பது போலச் சொல்வார். முதலாளிக்கு அதுதான் தாங்காது.

அந்த மச்சான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கூட ஒரு ஒல்லியான ஆளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மாப்பிள்ள, நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். புதுசா தொழில் தொடங்குறவங்களுக்குப் பாடம் சொல்ற புத்தகம். இவர்தான் பதிப்பாளர். போட மாட்டேங்குறார்."

பதிப்பாளர் பைக்குள்ளிருந்து காகிதக் கட்டை எடுத்தார். படிப்பதற்காக அல்ல. உள்ளங்கையில் வைத்து, காய் நிறுப்பது போல ஏற்றி இறக்கினார்.

"இதுல கண்ணீரே இல்ல சார்" என்றார். "முதல் அத்தியாயத்துல ஆசிரியர் விழணும். ரெண்டாவதுல எழுந்திருக்கணும். இவர் பொறந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கார். இதப் படிக்கிறவங்களுக்கு வயித்தெரிச்சல்தான் வரும். பாடம் எங்கேருந்து வரும்?"

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு தோல்விகூட ஞாபகத்துக்கு வரல" என்றார் மச்சான். "அப்பத்தான் தோணுச்சு. வெளியில எதுக்குத் தேடணும், நம்ம மாப்பிள்ளகிட்டக் கொட்டிக் கிடக்கேன்னு."

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. மச்சான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அதுவும் நின்றுபோனது.

"சும்மா கேக்கல மாப்பிள்ள. அந்த முன்னறை இருக்குல்ல? ஷட்டர் போட்டது. அத நீங்க எடுத்துக்கோங்க. என்ன கடை வேணும்னாலும் வெச்சுக்கோங்க. வாடகைன்னு ஒரு பேச்சே கிடையாது."

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. இந்த வீட்டில் மெஷின் நின்றால் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

பதிப்பாளர் நிபந்தனையைச் சொன்னார். ஒரு தோல்வி ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருக்க முடியாது. புத்தகத்தில் மச்சானுடைய தோல்வியாக வந்தது தெருவில் மாப்பிள்ளையுடையதாக நடமாடினால் வாசகர்கள் காறித் துப்புவார்கள். ஆகவே கொடுத்தவர் அதை வீட்டிலோ வெளியிலோ சொல்லக் கூடாது. அதை நினைத்துப் பெருமூச்சு விடக் கூடாது. யாராவது கேட்டால், மச்சானுக்கு நடந்தது என்று சொல்ல வேண்டும். மீறினால் முன்னறை கிடையாது.

"பெருமூச்சுகூடவா?" என்றார் முதலாளி.

"பொதுவா விட்டுக்கலாம் சார். குடைய நெனச்சு விடக் கூடாது."

மனைவி வாசலில் வந்து நின்றாள். "எடுத்துட்டுப் போகட்டுங்க. வெச்சு என்ன பூஜையா பண்ணப் போறோம்? குடை, சலவை, எழுப்பிவிடுறது மூணையும் குடுத்துடுங்க." கொஞ்சம் நிறுத்தி, அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். "அலமாரி மட்டும் கிடையாதுண்ணே. அதுல எனக்கும் பங்கு இருக்கு."

அலமாரி என்றால் என்ன என்று இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணமான புதிதில், இவர்கள் ஒண்டுக்குடித்தனமாக இருந்த ஒரு பின்னறையில், முதலாளி ஒரு ஹோட்டலுக்குப் பெரிய அலமாரி ஒன்று செய்தார். முதல் தொழில். அளவு விஷயத்தில் அவ்வளவு கவனம். ஹோட்டல் வாசலை அளந்தார், மாடிப்படியை அளந்தார், ஏற்றப் போகும் லாரியை அளந்தார். தாங்கள் இருந்த அறையின் கதவை மட்டும் அளக்கவில்லை. லாரி வந்து நின்றது. அலமாரி வெளியே வரவில்லை. சுவரை இடிக்கவா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில், புருஷனும் பெண்டாட்டியும் அந்த அலமாரிக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே இருட்டு, வார்னிஷ் வாசனை. அங்கே உட்கார்ந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி இதைச் சொல்வாள். சொல்லும்போது ஊசியை வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சொல்வாள். அந்த அறையை அந்த வீட்டுக்காரர் பிற்பாடு 'அலமாரி வசதியோடு' என்று கூடுதல் வாடகைக்கு விட்டார் என்கிற இடத்தில், கேட்கிறவர்களை விட அவள்தான் அதிகம் சிரிப்பாள்.

சரி, மூன்று தோல்விகளும் கைமாறின. ஆனால் வாங்கிய தோல்வியை மச்சானுக்கு உடம்பில் ஏற்றத் தெரியவில்லை. மேடையில் சொன்னால் நம்புகிற மாதிரி இருக்க வேண்டாமா? பயிற்சிக்காக ஒரு வாரம் காலையும் மாலையும் வந்தார்.

"கடையச் சாத்திட்டு வீட்டுக்கு எப்படி நடந்து வந்தீங்க மாப்பிள்ள? நடந்து காட்டுங்க."

முதலாளி தெருமுனையிலிருந்து வீடு வரை நடந்து காட்டினார். பின்னாலேயே மச்சான் நடந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"தோளத் தொங்கப் போடுங்க மச்சான். இல்ல, இப்படி இல்ல, இது தூக்கக் கலக்கம். சாவி கையில இருக்கு, ஆனா அதுக்கு இனிமே வேலை இல்ல. அப்படி."

மச்சான் தொங்கப் போட்டுப் பார்த்தார். பாதி வழியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெரிய ஆர்டர். தோள் தானாக நிமிர்ந்துவிட்டது. "மறுபடியும் முதல்லேருந்து வர்றேன்" என்று தெருமுனைக்குத் திரும்பிப் போனார். எதிர்வீட்டுக்காரர் முதலாளியைப் பார்த்து, "நீங்கதான் இதுல கைதேர்ந்தவர்" என்றார். உண்மையைச் சொன்னால் முதலாளிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒருவர் தொழில் கற்றுக்கொள்கிறார்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன், தொழில் சங்கத்துக் கூட்டங்களில் மச்சானைப் பேசவைத்து ருசி காட்டுவது பதிப்பாளரின் வழக்கம். அங்கேதான் வினை பிடித்தது. குடைக் கதையை மச்சான் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், கூட்டத்தில் ஒருவருக்கு மனசாட்சி குத்தியது. அவர் வீட்டில் அந்தக் குடைகளில் ஒன்று இருந்தது. மறுநாள் பக்கெட் கம்பெனிக்குக் கொண்டுவந்து கொடுத்து, இத்தனை வருஷத்து வாடகையையும் கட்டிவிட்டுப் போனார். அவர் தெரிந்தவர்களிடம் சொல்ல, அவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்ல, கம்பெனி வாசலில் குடை குவிந்தது. காணாமல் போனதை விட அதிகமாகவே வந்தது. மச்சான் அதை அப்படியே ஒரு கடைக்கு மொத்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

பதிப்பாளர் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "சார், குடையில லாபம் வந்துடுச்சு. இத எப்படி சார் நான் தோல்வின்னு போடுவேன்?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா வந்துச்சு" என்றார் மச்சான் பாவமாக.

சலவைக் கதையும் அப்படித்தான் ஆயிற்று. கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, அந்த வெளிர் ரோஜா நிறம் சரியாக எப்படி இருக்கும் என்று கேட்டார். மச்சான் விளக்குவதற்காக அந்த நிறத்தில் ஒரு பக்கெட் வார்த்துக் கொண்டுபோனார். மறுவாரம் முழுக்க அந்த நிறத்தில்தான் பக்கெட் போனது. எழுப்பிவிடும் தொழிலாவது மிஞ்சும் என்று பார்த்தால், அன்று எழுப்பப்படாததால் பேருந்தைத் தவறவிட்ட ஒருவர் அடுத்த பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரையே கல்யாணம் செய்திருந்தார். அவர் இப்போது பெரிய ஆள். தன் கம்பெனிக்கு வேண்டிய வாளி அத்தனையையும் மச்சானிடமே வாங்குவேன் என்று நிற்கிறார்.

இதையெல்லாம் முதலாளி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் கையில் மண்ணாகப் போனது மச்சான் கையில் மறுபடியும் காசாகிறது. பொறாமை என்று சொல்லிவிட்டால் சுலபம். பொறாமையும்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்து அரித்தது. என்னிடம் இருந்தபோது அது ஏன் என்னிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை என்று குடையின் மேலேயே கோபம் வந்தது. பெருமூச்சு விடலாம் என்று மார்பு விரிந்தது. பதிப்பாளர் திரும்பிப் பார்த்தார். முதலாளி அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அதற்குள், மச்சான் ஷட்டரைத் திறந்துவிட்டதில், முன்னறையை அவர் தயார் செய்திருந்தார். கையிலிருந்ததைப் போட்டு ஏணிகள் வாங்கியாயிற்று. மரம், அலுமினியம், மடக்குவது, நீட்டுவது என்று உயர வரிசையில் சாத்தி வைத்திருந்தார். மனைவி வந்து பார்த்து, ஒன்றில் இரண்டு படி ஏறி இறங்கினாள். "ஆடல" என்றாள். 'ஆனா' என்று இழுக்காமல் அவள் வாயிலிருந்து அவர் தொழிலுக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் அது.

அன்று மாலையே மச்சான் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"மாப்பிள்ள, மூணும் வீணாப் போச்சு. பதிப்பாளர் கைய விரிச்சுட்டார். அலமாரி ஒண்ணுதான் பாக்கி. அதுலேருந்து லாபம் எடுக்க என்னாலகூட முடியாதுங்கிறார். அது இல்லேன்னா புத்தகம் இல்ல. புத்தகம் இல்லேன்னா..." முன்னறையைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தோற்றதில்லை, அவ்வளவுதான்.

முதலாளி மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாக மறுத்துவிடலாம் என்று காத்திருந்தார்.

அவள் திரைத்துணியை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். "குடுத்துடுங்க" என்றாள்.

"உனக்குப் பங்கு இருக்குன்னு சொன்னியே."

"என் பங்கயும் சேத்துக் குடுங்க. ஏணி நல்ல யோசனைங்க. ஒரு கதைய வெச்சுக்கிட்டு ஒரு கடைய விடுறதா?"

இரண்டு நாள் கழித்து, புதுவீட்டுக்காரி ஒருத்தி திரைக்கு அளவு கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில், "எங்க வீட்டுக் கதவு ரொம்பச் சின்னதுங்க, கட்டில் உள்ளயே போகல" என்றாள். முதலாளி பக்கத்து அறையில் இருந்தார். மனைவி வாயிலிருந்த ஊசியை எடுக்கும் சத்தமில்லாத சத்தம்கூட அவருக்குத் தெரியும். "எங்களுக்குக் கல்யாணமான புதுசுல..." என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள்.

"என்னங்க?" என்றாள் வந்தவள்.

"ஒண்ணுமில்ல. எங்க அண்ணனுக்கு ஒண்ணு நடந்துச்சு. அவர்கிட்டக் கேட்டுக்கோங்க."

கடைகளைச் சாத்தியபோதெல்லாம் முதலாளிக்கு இப்படி இருந்ததில்லை. மற்றதெல்லாம் போனது பணத்தோடு போயிற்று. இது அவள் சிரிக்கிற சிரிப்போடு போய்விட்டது. எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எழுந்தவர் ஏணிகளுக்கு எண்ணெய் போடக் கிளம்பிப் போனார்.

புத்தக வெளியீட்டையும் கடைத் திறப்பையும் மச்சான் ஒரே சமயத்தில் முடித்துவிட நினைத்தார். சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் புத்தகம், அங்கேயே மேடையில் முன்னறைச் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுப்பது, ஞாயிறு காலை கடை. முன்வரிசையில் முதலாளியும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. தொழில் தொடங்கியவர்கள், தொடங்கப் போகிறவர்கள், தொடங்கியதை எப்படி விடுவது என்று தெரியாதவர்கள். புதுப் புத்தகங்கள் மேடைக்குப் பின்னால் கட்டுக் கட்டாக இருந்தன.

மச்சான் நன்றாகவே பேசினார். பயிற்சி வீண்போகவில்லை. ஹோட்டல் வாசலை அளந்தார், படியை அளந்தார், லாரியை அளந்தார். கதவுக்கு வந்ததும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அலமாரிக்குள்ள உக்காந்து நானும் என் சம்சாரமும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றார். மச்சானின் சம்சாரம் மூன்றாவது வரிசையிலிருந்து, எப்போது என்பது போலப் பார்த்தாள். "பாடம் என்ன? கதவ அளந்துட்டுக் கனவு காணுங்க!" கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பதிப்பாளர் ஒரு பிரதியைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

கேள்வி நேரம் வந்தது. நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"நான் ரொட்டிக்கடை வெச்சிருக்கேன் சார். திங்கக்கிழமை கடையச் சாத்துறேன். உங்க கதை நல்லா இருந்துச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். மறுநாள் காலையில என்ன பண்ணீங்க?"

"பாடம் கத்துக்கிட்டேன்மா."

"அது சரி சார். காலையில எழுந்து என்ன பண்ணீங்க?"

மச்சான் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இல்லை. நடந்து வந்தது இருந்தது, தோளைத் தொங்கப் போட்டது இருந்தது, எழுந்து நின்று வென்றது இருந்தது. அந்த ஒரு காலைப்பொழுது எங்கும் இல்லை. முதலாளி அதை அவருக்குக் கொடுக்கவில்லை. ஒளிப்பதற்காக அல்ல. அதை யாருமே அதுவரை கேட்டதில்லை, மனைவியின் கதையும் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடும்.

மச்சான் மேடையிலிருந்து முதலாளியைப் பார்த்தார். மேசையில் சாவி இருந்தது. பதிப்பாளர் ஓரத்திலிருந்து கண்ணாலேயே மிரட்டினார். மண்டபம் காத்திருந்தது. அந்தப் பெண் உட்காரவில்லை. அவளுக்கு இது கேள்வி இல்லை, திங்கட்கிழமைக்கு அடுத்த நாள்.

முதலாளி எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"எழுந்திருக்கலம்மா" என்றார். "மத்தியானம் வரைக்கும் செவத்தப் பாத்துப் படுத்திருந்தேன். முந்தின நாள் அந்த அலமாரிக்குள்ள நாங்க சிரிக்கவும் இல்ல. அழுதோம். சத்தம் வெளிய போயிடக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு அழுதோம். சிரிச்சது பிற்பாடு. சொல்லிச் சொல்லித்தான் அது சிரிப்பாச்சு."

"சார், அது உங்க கதை இல்ல!" என்று பதிப்பாளர் கத்தினார்.

"எங்க கதைதாங்க" என்று மனைவியும் எழுந்தாள். அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினாள். "இவர் படுத்திருந்தாரா, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எங்க துணியெல்லாம் ஒரு மூட்டையில கிடந்துச்சு. எடுத்து அந்த அலமாரியில மாட்டினேன். ரெண்டு பேர் துணியும் ஒரு மூலைக்குக்கூட வரல. அதனால சட்டிபானையயும் உள்ள வெச்சேன். அடுப்பையும் வெச்சேன். அப்புறம் இவர எழுப்பி, 'நேத்து வரைக்கும் நமக்கு அலமாரி இல்ல, இன்னைக்கு இருக்கு, எழுந்து மூஞ்சியக் கழுவுங்க'ன்னேன்."

"கழுவினாரா?" என்றாள் ரொட்டிக்கடைப் பெண்.

"உடனே இல்ல" என்றார் முதலாளி.

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு உட்கார்ந்தாள். உடனே எல்லோரும் ஒரேயடியாக எழுந்து இவர்கள் இரண்டு பேரையும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் கோழிப்பண்ணையைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் யாருமே வந்து சேராத தன் பாட்டுப் பள்ளியைப் பற்றிச் சொன்னார். புத்தகம் விற்கும் மேசைப் பக்கம் ஒரு ஈ காக்காய் இல்லை. பதிப்பாளர் ஒரு பிரதியைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் முதலாளி சாவியைத் தேடினார். மேசையில் இல்லை. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். விற்காத புத்தகக் கட்டின் மேல் மச்சான் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது. தோள் தொங்கவில்லை, தலை குனியவில்லை. கற்றுக்கொடுத்த எதுவுமே அவரிடம் இல்லை. அச்சு கெட்ட பக்கெட்டைப் பூந்தொட்டியாக்கத் தெரிந்த மனுஷன், முன்னால் கிடந்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றை வேறு எதாகவும் ஆக்க முடியவில்லை.

"பதிப்பாளர் அத்தனையயும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டார் மாப்பிள்ள" என்றார். "போட வேற இடம் இல்ல. முன்னறையிலதான் போடணும். உங்க ஏணிய எடுத்துக்கச் சொல்லணும்னு உக்காந்திருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லிட்டீங்க மச்சான்."

போயிற்று. திறப்பதற்கு முன்பே மூடிய கடை இதுதான் முதல். மெயின் ரோட்டைப் பார்த்த ஷட்டர், உயர வரிசையில் நின்ற ஏணிகள், 'ஆடல' என்று அவள் சொன்னது எல்லாம் ஒரு தடவை முதலாளியின் கண்ணுக்குள் வந்து போயிற்று. வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. பக்கத்திலிருந்த கட்டின் மேல் உட்கார்ந்தார். வாசலில் மனைவி வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் அங்கேயே நின்றுகொண்டாள்.

மச்சான் மூக்கை உறிஞ்சினார். மாப்பிள்ளையின் முகத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, விஷயம் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி பார்த்தார்.

"மாப்பிள்ள, நாளைக்குக் காலையில நான் என்ன பண்றது?"

முதலாளி யோசித்தார். பாடம் எதுவும் வரவில்லை.

"எழுந்திருக்காதீங்க மச்சான்" என்றார். "நாங்க வர்றோம்."